37 டிகிரிதானே, டெல்டாவில் எதற்கு இந்தக் கூச்சல்?

கல்லணைக்காரன் | சனி, காலை 8.10

கத்திரி தொடங்கியதிலிருந்து இந்த இணையப் பக்கத்தில் தினமும் ஒரே புலம்பல்தான். நான் இருப்பது கல்லணைக்கு மேற்கே, திருச்சியை ஒட்டி. இங்கே 40-ஐத் தாண்டுவது ஒன்றும் அதிசயமில்லை. கரூர் பரமத்திக்காரர்களைக் கேட்டால் அதற்கு மேலும் சொல்வார்கள். நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் பார்த்தால் 36, 37. அதற்கே உயிர் போகிறது என்று எழுதுகிறீர்கள். கடல் காற்று வேறு உங்களுக்குச் சும்மா கிடைக்கிறது.

புயலுக்கு எச்சரிக்கை கொடுக்கட்டும், வெள்ளத்துக்குக் கொடுக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? வெயிலுக்கும் போனில் மணியடித்துச் சொல்வதுதான் சிரிப்பாக இருக்கிறது. எங்கள் தாத்தா இதே சித்திரை வெயிலில் மேல்சட்டை இல்லாமல் கோடை உழவு ஓட்டியவர். தொண்ணூறு வயது வரை இருந்தார்.

ரேடார் பித்தன் (கும்பகோணம்) | சனி, காலை 8.52

அண்ணே, 37 என்பது நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்த வெப்பமானி காட்டுவது. வேலை செய்கிற ஆள் அந்தப் பெட்டிக்குள் இல்லை.

வியர்வை காய்ந்தால்தான் உடம்புச் சூடு இறங்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். தண்ணீரும் உப்பும் போகும், சூடு போகாது. அமெரிக்க வானிலைத் துறை பயன்படுத்தும் வெப்பக் குறியீட்டுச் சூத்திரத்தில் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று போட்டுப் பாருங்கள். உடம்புக்கு 41 போலத் தெரியும் என்று வருகிறது. உங்கள் ஊர்ப் பிற்பகல் ஏறக்குறைய அதுதான். அடுத்து 36 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று போடுங்கள். 48 வரும். இரண்டுமே நிழலுக்கான கணக்கு. நேர் வெயிலில் நின்றால் இன்னும் 8 டிகிரி வரை கூடலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, ஈரக்குமிழ் வெப்பநிலை. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி அளப்பது. அது 35-ஐத் தொட்டால் திடகாத்திரமான ஆளும் தாங்க முடியாது என்று நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். 2022-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது ஈரமான சூழலில் 31-ஐ ஒட்டியே உடம்பு சமாளிக்க முடியாமல் திணறத் தொடங்கியது. அவர்கள் லேசான வேலைதான் செய்தார்கள், நாற்றுக்கட்டு சுமக்கவில்லை. நான் சொன்ன 36-க்கும் 60-க்கும் ஈரக்குமிழ் 29-ஐத் தாண்டிவிடும்.

கச்சான் (நாகை) | சனி, காலை 9.30

கடல் காற்று சும்மா கிடைக்கிறதா? யார் சொன்னது?

சித்திரையில் பதினொன்று, பன்னிரண்டுக்கெல்லாம் கொண்டல், அதான் கடலிலிருந்து வருகிற கீழ்க்காற்று, எழும்பிவிடும், அது உண்மைதான். வைகாசி பிற்பாதியில் கச்சான் பலமாகிவிட்டால் கதை வேறு. மேற்கேயிருந்து அடிக்கிற காற்று உங்கள் பக்கத்து வெக்கையை வாரிக்கொண்டு வந்து இங்கே கொட்டும். கொண்டல் கரையேற மூன்று மணி, நான்கு மணி ஆகும். சில நாள் ஏறவே ஏறாது. கத்திரி விடைபெற்றது என்று பேப்பரில் படம் போட்ட பிறகுதான் எங்களுக்கு உச்சமே. ஆனி மாதத்தில் ஒரு நாள் நாகைக்கு வந்து பாருங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது. படகு மராமத்து, வண்ணம், வலை வேலை எல்லாம் இந்த 61 நாளில்தான் முடித்தாக வேண்டும். கடலுக்குப் போகிறவனாவது ராத்திரியில் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பலாம். கரையில் ஏற்றிப்போட்ட படகின் அடிப்பக்கம் படுத்துக்கொண்டு சுரண்டுகிறவனுக்கு மணல் சூடு முதுகில், படகுச் சூடு முகத்தில்.

கல்லணைக்காரன் | சனி, காலை 10.05

சரி, 48 என்கிறீர்கள். அப்படியென்றால் வானிலை ஆய்வு மையம் ஏன் நாகைக்கும் திருவாரூருக்கும் வெப்ப அலை என்று அறிவிப்பதே இல்லை? அவர்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது?

ரேடார் பித்தன் | சனி, காலை 10.40

அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அளவுகோல் அப்படி அமைந்திருக்கிறது. சமவெளி என்றால் 40 டிகிரியாவது இருக்க வேண்டும், அது அந்த ஊரின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். கடலோரத்துக்கு 37 டிகிரி, அதே 4.5 கூடுதல். (45-ஐத் தொட்டால் இயல்பைப் பார்க்காமலே அறிவிக்கலாம், டெல்டாவுக்கு அது பொருந்தாது.) அதுவும் ஒரு வானிலை உட்கோட்டத்தில் (முன்னறிவிப்புக்காகப் பிரித்துவைத்த பெரிய வட்டாரம்) குறைந்தது இரண்டு நிலையங்களில் இரண்டு நாள் தொடர்ந்தால்தான், இரண்டாம் நாள் அறிவிப்பு வரும்.

மே மாதத்தில் இயல்பே 36, 37 என்று இருக்கிற ஊரில் 4.5 கூடுவதென்றால் எங்கே போக வேண்டும் என்று பாருங்கள். 40.5, 41.5. கடற்கரையில் அது எப்போதாவது நடப்பது. ஆகவே கோடை முழுக்க ஜனங்கள் வெந்து கிடந்தாலும் வெப்ப அலை என்ற பட்டம் கிடைக்காது. தினசரி அறிக்கையில் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து அசௌகரியம் ஏற்படலாம் என்று ஒரு வரி வரும் பாருங்கள், நமக்கான எச்சரிக்கை அதுதான். டிவியில் அந்த வரிக்கு வருவதற்குள் விளம்பரம் போட்டுவிடுகிறார்கள்.

வார்டு அக்கா (மன்னார்குடி பக்கம்) | சனி, பகல் 1.15

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன், சுருக்கமாக.

வெயிலால் வந்தேன் என்று சொல்லிக்கொண்டு எங்களிடம் யாரும் வருவதில்லை. நீர்க்கடுப்பு என்பார்கள், கெண்டைக்கால் இழுக்கிறது என்பார்கள், கிறுகிறுப்பு, வாந்தி என்பார்கள். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்து, இளநீர் குடித்து, அதற்கும் கேட்காமல் போன பிறகு சாயங்காலம் வருவார்கள். இவர்களில் முக்கால்வாசிப் பேர் உப்பு சர்க்கரைக் கரைசலிலும் நிழலிலும் தேறிவிடுவார்கள்.

பயப்பட வேண்டியது வேறு. வேலை செய்துகொண்டிருந்த ஆள் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுகிறார், பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது, கூட இருப்பவரை அடையாளம் தெரியவில்லை என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், உழைப்பில் விழுந்தவருக்கு வியர்த்துக்கொண்டும் இருக்கலாம். 108-க்கு ஒருவர் போன் போடட்டும், மற்றவர்கள் அந்த இடத்திலேயே குளிர்விக்க ஆரம்பியுங்கள். நிழலுக்குத் தூக்கி, துணியைத் தளர்த்தி, மோட்டார் தண்ணீரோ வாய்க்கால் தண்ணீரோ உடம்பு முழுக்க ஊற்றி, ஈரத்துண்டால் விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர், சோடா எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள், இந்தச் சூட்டுக்கு அது வேலை செய்யாது. ஆம்புலன்ஸ் வருகிற நேரம் வரை ஆள் சூடாகவே கிடந்தால் நாங்கள் செய்வதற்கு அதிகம் மிச்சம் இருக்காது.

கல்லணை அண்ணனுக்கு: உங்கள் தாத்தா தொண்ணூறு வரை இருந்தார், சந்தோஷம். அவரோடு ஏர் ஓட்டியவர்களில் ஐம்பதில் போனவர்கள் பெயரையும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் மாரடைப்பு என்றோ, காத்து கருப்பு என்றோ சொல்லிவிட்டு, எதிலும் எழுதாமலே போயிருக்கும்.

பருத்திக்காடு (குடவாசல் பக்கம்) | சனி, மாலை 4.20

அக்கா சொன்னதில் நீர்க்கடுப்பைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆம்பிளைகள் யாரும் இங்கே அதை எழுதப் போவதில்லை.

தாளடி நெல் அறுத்ததும் எங்கள் பக்கம் கோடைப் பருத்திதான். பஞ்சு வெடித்து எடுப்பது மே, ஜூனில். எடுப்பது முழுக்கப் பெண்கள். பருத்திக்காட்டை ரோட்டில் இருந்து பார்த்தால் பச்சையாகக் குளிர்ச்சியாகத் தெரியும். உள்ளே இறங்கினால் செடி நெஞ்சு மட்டத்துக்கு நிற்கும், பாத்திக்குள் காற்று நுழையாது. காய்ந்த காய்முனை விரலைக் கிழிக்கும் என்று விரலில் துணி சுற்றியிருப்பார்கள். சேலைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் மடி. மடியில் பஞ்சு சேரச் சேர வயிற்றோடு ஒரு மெத்தையைக் கட்டிக்கொண்டு நிற்பது மாதிரி வெக்கை. கூலி கிலோ கணக்கு. ஆகவே யாரும் நிழலுக்குப் போக மாட்டார்கள், போனால் அந்த அரைமணி நேரக் காசு போச்சு.

தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று எல்லாரும் சொல்கிறீர்கள். குடித்தால் ஒதுங்க வேண்டுமே. சுற்றிலும் திறந்த வயல், பக்கத்தில் ரோடு. அதனால் காலையில் இருந்தே குடிக்காமல் இருந்து பழகியிருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு தடவை நீர்க்கடுப்பு வருவது எங்கள் தெருவில் ஒரு விஷயமே இல்லை.

நான் செய்தது என்னவென்றால், வரப்போரம் பழைய தென்னங்கீற்றை வைத்து நாலு பக்கமும் ஒரு மறைப்பு கட்டினேன், உள்ளே ஒரு குடம் தண்ணீர். போர்செட் பக்கத்தில் கீற்றுப் பந்தல் ஒன்று. செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. மறைப்பு வந்த பிறகு பானைத் தண்ணீர் பத்து மணிக்குள் காலியாகிறது. முன்பு சாயங்காலம் பாதிப் பானை மிச்சம் இருக்கும்.

அப்புறம் நேரம். வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையே காலையில் பத்து, பதினொரு மணிக்குள் பஞ்சு எடுக்கச் சொல்கிறது. அந்த நேரத்தில் செடியில் லேசான ஈரப்பதம் இருப்பதால் காய்ந்த சருகு நொறுங்கி பஞ்சில் ஒட்டாது, விலை குறையாது. ஆட்களுக்கும் அதுதான் நல்லது. ஆனால் எல்லாரும் வருவது ஒன்பது மணிக்கு. பிள்ளைக்குச் சோறாக்கி, மாட்டைக் கட்டி, பஸ் பிடித்து வருகிறவர்கள். காலைப் பலகாரத்தை நானே ஆக்கி வயலுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன், ஆறு மணிக்கு முன்னால் இறங்குங்கள் என்று சொன்னேன். பதினொன்றுக்கு முடித்துக்கொள்கிறோம். பக்கத்து வயல்காரர்கள் என்னைத் திட்டுகிறார்கள், நான் பழக்கத்தைக் கெடுக்கிறேனாம்.

கல்லணைக்காரன் | சனி, மாலை 5.00

பருத்திக்காட்டுத் தங்கச்சி சொல்வது நியாயம், வேலை நேரத்தை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உங்களுக்கு ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர். செங்கல் சூளைக்காரன், ரோடு போடுகிறவன், தளம் போடுகிற கொத்தனார் எல்லாம் பதினொரு மணிக்கு வேலையை நிறுத்தினால் கம்பெனி நடக்குமா? கான்கிரீட் கலவை வந்து நிற்கும்போது வெயில் அதிகம், அப்புறம் வாருங்கள் என்று சொல்ல முடியுமா?

தோஹா ரிட்டர்ன் (மயிலாடுதுறை) | சனி, இரவு 7.45

சொல்லலாம் அண்ணே. நான் பார்த்திருக்கிறேன்.

கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை திறந்த வெளியில் வேலை செய்யக் கூடாது, 2021-ல் கொண்டுவந்த விதி. அது போக ஈரக்குமிழை வைத்துக் கணக்கிடும் வெப்ப அளவு 32.1-ஐத் தாண்டினால் மணி என்னவாக இருந்தாலும் நிறுத்த வேண்டும். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை தடை. அங்கே ஸ்டேடியமும் எழும்பியது, மெட்ரோவும் ஓடியது. கான்கிரீட்டை ராத்திரியில் போட்டோம்.

அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை, விதியை மீறிய மேஸ்திரிகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் விதி என்று ஒன்று இருந்தால், பன்னிரண்டு மணிக்கு மேல் நிற்க மாட்டேன் என்று சொல்வதற்கு ஒரு பிடி இருக்கிறது. ஊருக்கு வந்து ஒரு வீட்டு வேலையில் சித்தாளாக நின்ற என் சித்தப்பா மகன் மயக்கம் போட்டு விழுந்தான். மறுநாள் அரைக்கூலி பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். யாரிடம் போய்க் கேட்பது?

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். நல்லதுதான். ஆனால் மேலே ரேடார் தம்பி சொன்ன கணக்குப்படி டெல்டாவில் வெப்ப அலையே வராது என்றால், இந்தப் பக்கத்துச் சாவு எதில் சேரும்?

கடைமடைக் கோபம் | சனி, இரவு 8.02

எல்லாம் ஓட்டு அரசியல். இந்த ஆட்சியிலும் சரி, போன ஆட்சியிலும் சரி…

(பதிவின் மீதிப் பகுதி நீக்கப்பட்டது. கட்சிச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. – மட்டுறுத்துநர்)

வார்டு அக்கா | சனி, இரவு 8.30

4 லட்சம் பற்றி: மரணத்துக்கு வெப்பம்தான் காரணம் என்று மருத்துவர் எழுதினால்தானே பேச்சு? வயலில் விழுந்தவரை நேரே வீட்டுக்குக் கொண்டுபோய், சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டால் எழுத ஒன்றும் இல்லை. உயிர் இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள், காகிதமும் அப்போதுதான் உருவாகும்.

இன்னொன்று, கர்ப்பிணிகள். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவைச் சேர்ந்தவர்கள் செய்தது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரு மடங்கு. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்த பிறகும் நாலைந்து மாதம் வெளியே சொல்லாமல் நடவுக்குப் போகிற பெண்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

பெரியவர்களில் பிரஷருக்கு நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோடையில் ஒரு தடவை டாக்டரைப் பார்த்து அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தென்னந்தோப்பு (பேராவூரணி) | ஞாயிறு, காலை 6.15

இழையை முழுக்கப் படித்தேன். புயலுக்கு எச்சரிக்கை சரி, வெயிலுக்கு எதற்கு என்று கல்லணைக்காரர் கேட்டார். எங்கள் ஊருக்கு இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

2018 நவம்பர் 16 விடிவதற்கு முன்னால் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி மேற்கே போனது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு தென்னை எல்லாம் படுத்துவிட்டது. தென்னை மட்டுமா? ரோட்டோரப் புளியமரம், வீட்டுக் கொல்லை மா, பலா, கோயில் வேம்பு. வருமானம் போனதை எல்லாரும் எழுதினார்கள். நிழல் போனதை யாரும் எழுதவில்லை. அடுத்த சித்திரையில்தான் தெரிந்தது. எங்கள் தெருவில் காலை ஒன்பது மணிக்குச் சுவர் சுட ஆரம்பித்தது, அதற்கு முன் பதினோரு மணி வரை தோப்பு நிழல் விழுந்த சுவர் அது. மறுபடி நட்ட கன்று காய்க்கிற அளவுக்கு வந்துவிட்டது, நிழலுக்கு இன்னும் பத்தவில்லை.

அதோடு கூரை. கஜாவில் கீற்றுக் கூரை பறந்தவர்கள் திரும்பக் கீற்று போடவில்லை. கீற்றுக்கு மரமும் இல்லை, மறுபடி பறக்குமோ என்ற பயமும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், தகரம், முடிந்தவர்கள் தளம். புயலுக்குத் தாங்கும், சரி. அந்த வீட்டுக்குள் பிற்பகல் இரண்டு மணிக்குக் கைக்குழந்தையோடு உட்கார்ந்து பாருங்கள்.

கச்சான் | ஞாயிறு, காலை 7.00

ஷீட்டாவது பொழுது இறங்கினால் சீக்கிரம் ஆறிவிடும் அண்ணே. தளம் ராத்திரி ஒரு மணி வரை மேலிருந்து சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு இங்கே கட்டிக்கொடுத்த வீடுகள் வரிசை வரிசையாகத் தளம் போட்டவை. மொட்டை மாடியிலும் கடற்கரையிலும்தான் எல்லாரும் படுக்கிறோம். பெண்டுபிள்ளைகள் எங்கே படுப்பது?

ரேடார் பித்தன் | ஞாயிறு, காலை 7.40

ராத்திரிதான் இதில் பெரிய விஷயம். பகலில் அடிபட்ட உடம்பு இரவில் தேற வேண்டும். ஈரக் காற்று இரவில் சூட்டை விடாது. பொட்டல் காட்டில் பகல் 41 அடித்தாலும் விடியற்காலை ஓரளவு குளிரும். கடலோரத்தில் ராத்திரி 28, 29-க்குக் கீழே இறங்காத நாட்கள் கோடையில் சர்வசாதாரணம். மூன்று நாள் தூக்கமில்லாமல் நாலாவது நாள் வயலில் இறங்குகிறவர்தான் விழுகிறார்.

தளத்துக்குச் செலவு குறைந்த வழி வெள்ளையடிப்பது. சுண்ணாம்போ, வெள்ளைக் கூரைப் பூச்சோ, வெயிலில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். ஆடிக்கு முன் அடித்தால் ஐப்பசி மழையில் சுண்ணாம்பு கரையும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். தளத்தில் தண்ணீர் ஊற்றுவதும் உதவும், ஆனால் சாயங்காலம் ஊற்றுங்கள், குடிநீர்ப் பஞ்சமில்லாத ஊரில் மட்டும்.

ஃபேன் பற்றிக் கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 40-க்குக் கீழே, ஈரக் காற்றில், ஃபேன் நல்லதுதான். 40-க்கு மேலே காய்ந்த வெக்கையில் ஃபேன் சூட்டைத்தான் முகத்தில் அடிக்கும், உடம்பை நனைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இது கல்லணைக்காரருக்கான யோசனை.

உப்பளம் (வேதாரண்யம்) | ஞாயிறு, காலை 9.20

யாரும் எங்களைப் பேசவில்லை என்பதால் நாலு வரி. நாங்கள் நேரத்தை எப்போதோ மாற்றிவிட்டோம். டார்ச் வெளிச்சத்தில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரிவிட்டுக் கரையேறுகிறவர்கள் பலர். ஆனால் பாத்திக்கு மேலே நிழல் என்று ஒன்று கிடையாது. உப்பு வெள்ளை, கீழிருந்தும் வெயில் கண்ணில் அடிக்கும். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளிகளைச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலானோர் பாதுகாப்பு வரம்புக்கு மேலான வெப்பத்தில் வேலை செய்வதாகவும் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுவதாகவும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் சர்க்கரை வியாதிக்காரர்கள் மட்டும் இல்லை.

நடுவே ஒரு கோடை மழை பெய்தால் பாத்தியில் இருக்கிற உப்பெல்லாம் கரைந்து போகும். எல்லாரும் மழை கேட்டுச் சாமி கும்பிடுகிற மாதத்தில் நாங்கள் மட்டும் வேண்டாம் என்று கும்பிடுகிறோம்.

கொள்ளிடக்கரை (சீர்காழி) | ஞாயிறு, காலை 10.10

வெயிலையே பேசுகிறீர்கள். எங்களுக்கு 2022 நவம்பர் 11-12ல் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. 20 செ.மீ.க்கு மேல் போனாலே அதி கனமழை. இது அதைப் போல இரண்டு மடங்கு. இங்கே நிலம் தட்டையானது, கடல் ஏற்றமாக இருக்கும்போது வடிகால் தண்ணீரை வாங்காது, எதிர்த்துத் தள்ளும். வாய்க்காலில் வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தால் கேட்கவே வேண்டாம். சம்பா இளம்பயிர் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது.

தப்பித்த பயிரும் வீடு வந்து சேராது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில், அறுவடை நேரத்தில் மழை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நனைந்த நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்துக்கொண்டு வரம்பைத் தளர்த்த டெல்லியிலிருந்து குழு வரும் வரை காத்திருந்தோம். வெயிலை இத்தனை பேர் திட்டுகிறீர்கள், அந்த வாரம் மூன்று நாள் வெயில் கிடைக்காதா என்று ஏங்கினோம்.

பருத்திக்காடு | ஞாயிறு, காலை 10.45

குறுவை நெல்லுக்கும் வெயில்தான் பகை அண்ணா. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தால் ஒரு மாதிரி. 2024-ல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள், போர்செட் இருந்தவர் மட்டும் குறுவை போட்டார். பூக்கிற நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் அடித்தால் மகரந்தம் கெட்டுப் பதராகும். கதிர் நிமிர்ந்து நிற்கும், பார்க்க அழகாகத்தான் இருக்கும், அறுத்துத் தூற்றினால் பாதி பறந்துவிடும்.

கல்லணைக்காரன் | ஞாயிறு, பகல் 12.30

எல்லாரும் சேர்ந்து என்னை ஒரு வழி பண்ணிவிட்டீர்கள். சரி, வேலை நேரம், நிழல், கூரை எல்லாவற்றையும் நான் ஒத்துக்கொள்கிறேன். என் கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது. போனில் வருகிற எச்சரிக்கையால் என்ன பிரயோஜனம்? மாவட்டம் முழுவதற்கும் ஒரே மஞ்சள் நிறம் போடுகிறார்கள். பருத்தி எடுக்கிற அம்மாவிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறதா? இருந்தாலும் வயலுக்குக் கொண்டுவருவாரா? தடுப்பது கீற்றுப் பந்தல், மஞ்சள் நிறம் இல்லை.

தோஹா ரிட்டர்ன் | ஞாயிறு, பகல் 12.50

இதை நேற்றுக் காலையிலேயே இப்படி எழுதியிருந்தால் இவ்வளவு சண்டை வந்திருக்காது அண்ணே.

ரேடார் பித்தன் | ஞாயிறு, பகல் 1.30

நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர் இருக்கிறார், சூளையில் மேஸ்திரி இருக்கிறார், நடவில் ஆள் கூட்டிவருகிற கொத்துக்காரம்மா இருக்கிறார். எச்சரிக்கை போக வேண்டியது இவர்கள் போனுக்கு. மாவட்ட நிறத்தை விட்டுவிடுங்கள். நாளை இந்த ஒன்றியத்தில் பதினொன்றிலிருந்து நாலு வரை வெயிலில் ஆள் வைக்காதே என்று ஒரே வரி வந்தால் போதும். புயலுக்கு மீனவர் கிராமம் வரை செய்தி போகிறதே, துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்களே. வெயிலுக்கு அந்தக் கடைசி மைல் இன்னும் போடப்படவில்லை.

அதுவரை அவரவர் வைத்திருக்க வேண்டியது: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனைக்கு 104. இடி மின்னலுக்கு தாமினி செயலி.

வார்டு அக்கா | ஞாயிறு, பகல் 2.05

கரைசல் பாக்கெட் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பு கூடக் கூடாது. நீராகாரமும் உப்பு போட்ட மோரும் சாதாரண நாளுக்கு நல்லவை. பிரஷர், சிறுநீரகப் பிரச்சனை உள்ளவர்கள் உப்பை டாக்டரைக் கேட்டுச் சேருங்கள்.

தென்னந்தோப்பு | ஞாயிறு, மாலை 3.50

புதுக்கோட்டைப் பக்கம் மேகம் கட்டி எழும்புகிறது. ரேடார் தம்பி, இருக்கிறீர்களா?

ரேடார் பித்தன் | ஞாயிறு, மாலை 3.58

இருக்கிறேன். காரைக்கால் ரேடாரில் இரண்டு மேகக் கட்டி தெரிகிறது, ஒன்று கந்தர்வகோட்டைக்கு மேலே, இன்னொன்று அதற்குத் தெற்கே. கிழக்கே நகர்கிறது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைக்கு ஒரு மணி நேரத்தில் வரலாம். மழை வருவதற்கு முன்னால் சூறைக்காற்று வரும், திருவையாறு பக்கம் வாழைக்கு முட்டுக் கொடுக்காதவர்கள் பாடு கஷ்டம்தான். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே நீங்கள் மின்னல் எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். தனி மரத்தடி, தென்னை அடி, போர்செட் தகரக் கொட்டகை மூன்றும் வேண்டாம். தளம் போட்ட வீடு, இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார். கடைசி இடி கேட்டு அரைமணி கழித்து வெளியே வந்தால் போதும்.

பருத்திக்காடு | ஞாயிறு, மாலை 4.10

எங்கள் பந்தலில் நின்றால் பரவாயில்லையா? நாலு பேர் இன்னும் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ரேடார் பித்தன் | ஞாயிறு, மாலை 4.12

வேண்டாம் அக்கா. கீற்றுப் பந்தல் வெயிலுக்குத்தான். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, மூட்டையை அப்படியே தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு எல்லாரையும் ஊருக்குள் அழைத்துப் போய்விடுங்கள்.

உப்பளம் | ஞாயிறு, மாலை 4.15

அந்தத் தெற்குக் கட்டி வேதாரண்யம் வரை வருமா, அதைச் சொல்லுங்கள் முதலில். வாராத உப்பு பாத்தியில் கிடக்கிறது.